சாமியறைச் சுவிச்சு

என் கணவர் சிவபாதம் காரின் முன்னால் குனிந்து நின்று ஹாண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தார். சாரம் இடுப்பிலிருந்து நழுவியது. அதை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் சுற்றினார். கார் ஒரு இருமல்கூட இருமவில்லை.

வேலியோடு சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க பவளத்தின் புருஷன் நின்றார். உடுவிலிலிருந்து மிதித்து வந்தவர். பவளம் என் கணவரின் ஒரே தங்கச்சி. அவளுக்கு வலி தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. முதல் பிள்ளை. வைத்தியர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஆனால் பிள்ளைக்கு நாள் கணக்குத் தெரியுமா?

இரண்டு பேரும் தள்ளிப் பார்த்தார்கள். ஒழுங்கை முடியும்வரை தள்ளி, திரும்ப முற்றத்துக்கே கொண்டுவந்தார்கள். ஒன்றுமில்லை. அப்போதுதான் அவர் முன்கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். டாஷ்போர்ட்டுக்குக் கீழே, நடுவில், மண்ணிற வட்டச் சுவிச்சு. அதன் பித்தளை மூக்கு கீழ்நோக்கி, போட்டபடி கிடந்தது; பற்றறி முழுக்க இறங்கியிருந்தது. மூக்கில் ஒரு நந்தியாவட்டை மாலை தொங்கியது.

அவர் திரும்பித் தாயைப் பார்த்தார். மாமி கிணற்றடிப் பக்கம் ஈரக்கையோடு நின்றார்.

"உங்கடை மாலையாலை என்ரை தங்கச்சி சாகப்போறாள்" என்றார் என் கணவர். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் வாசற்படியில் நின்றேன். கையில் ஒரு புத்தகம். விரல் இன்னும் பக்கத்துக்குள் இருந்தது.

விசிறி தானாகச் சுற்றும் நாட்டில்

இப்போது நான் இருக்கும் ஊரில் எங்கள் கார் எஞ்ஜினை நிறுத்திய பிறகும் சிலவேளை விசிறி தானாகச் சுற்றும். கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும். பக்கத்தில் நிற்பவர்கள் அதைக் கவனிப்பதேயில்லை. நானோ கடைக்குள் போனவள் பாதியில் திரும்பி வந்து காரைச் சுற்றி நடப்பேன். மகன் சிரிப்பான். அம்மாவுக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாது என்பான். உண்மைதான், எனக்குச் சின்ன வயதிலிருந்தே காலில் வண்டிச் சில்லுத்தான்.

போன கிழமை மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையை இந்தப் பக்கத்தில் எழுதியதற்கு, ஒரு வாசகர் கேட்டிருந்தார்: அந்தக் கார் சூடேறிச் சாகாதா? அந்தக் கேள்விதான் என்னை மூன்று இரவு நித்திரை கொள்ளவிடவில்லை. சூட்டைப் பற்றி எழுதினால் விசிறியைப் பற்றி எழுதவேண்டும். விசிறியைப் பற்றி எழுதினால் சுவிச்சைப் பற்றி எழுதவேண்டும்.

பவளத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். "எழுதுங்கோ மச்சாள். ஆனா ஒளிக்காமல் எழுதுங்கோ" என்றாள். ஆகவே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஏ போட்டியும் எங்கள் வீடும்

நான் குருநகர்ப் பெட்டை. அப்பா, அண்ணை எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். இவர் இணுவில். வாடகைக்கு ஹயர் கார் ஓட்டியவர். சந்தைக்கு வந்த காரில் இவரைப் பார்த்து, இவர் என்னைப் பார்த்து, இரண்டு வீட்டிலும் கூத்து நடந்து முடிந்த கதையை ஏற்கெனவே எழுதிவிட்டேன். கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நடுவில் பதிவுக் கந்தோரில் கல்யாணம். என் வீட்டார் ஒரு வருடம் கதைக்கவில்லை. மாமி முதல் நாளே கதைத்தார். "பிள்ளை, மீன் சட்டியை வெளியடுப்பிலை வை" என்றார். அவ்வளவுதான் சட்டம்.

கார் ஒரு ஏ போட்டி; ஏ-40 என்ற பழைய இங்கிலாந்துக் காரை ஊரில் அப்படித்தான் சொல்வோம். என்னைவிட வயது கூடியது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நீள இருக்கை. கியர் ஸ்டியரிங்கோடு இருக்கும். ஹயர் என்றால் பின்னால் ஐந்து பேர், முன்னால் சாரதியோடு நாலு பேர். சாரதி கதவோடு ஒட்டிக்கொண்டு, ஒரு பக்கத்தால் மட்டும் இருந்து ஓட்டுவார். அதுதான் யாழ்ப்பாண முறை.

யுத்தத் தடையால் பெற்றோல் இல்லாமல் போன பிறகு ஒரு மருந்துப் போத்தலில் ஒரு மிடறு பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எஞ்ஜின் காய்ச்சல்காரனைப் போலக் கொதிக்கும். அந்த நேரம் பார்த்துக் காரின் சொந்த விசிறியில் ஒரு இலை உடைந்து பறந்தது. மயிரிழையில் றேடியேற்றர் தப்பியது. புது விசிறிக்கு எங்கே போவது? ஒரு ஆணி வாங்கவே அலைந்த காலம்.

என் அண்ணை அந்தோனி வந்தார். குருநகரில் ஷெல் விழத் தொடங்கியதும் குடும்பத்தோடு உள்ளுக்கு வந்து இருந்தவர். படகு எஞ்ஜின் திருத்துவதில் சூரன். கடல் இல்லாமல் கை துறுதுறுவென்றிருந்தது அவருக்கு. நொறுங்கிக் கிடந்த ஒரு ஜப்பான் வான் வண்டியிலிருந்து கரண்டில் சுற்றும் விசிறியைக் கழற்றி வந்து, றேடியேற்றருக்கு முன்னால் பூட்டினார். பூட்டியது அரை நாள் வேலை. அதற்குச் சுவிச்சு எங்கே வைப்பதென்பதுதான் ஒரு மாத வேலை.

மேலா கீழா நடுவா

அந்த வான் வண்டியிலிருந்து விசிறியோடு ஒரு சின்னப் பித்தளைக் குமிழும் வந்தது. தண்ணீருக்குள் இருந்து, தண்ணீர் சூடேறினால் தானாக விசிறியைப் போட்டுவிடும் சாமான். அண்ணை றேடியேற்றரின் மேல் றப்பர்க் குழாயை வெட்டி, நடுவில் ஒரு செப்புக் குழாய்த் துண்டை வைத்து, அதில் குமிழைப் பற்றவைத்தார்.

மேல் குழாயில் வருவது எஞ்ஜினிலிருந்து நேரே வரும் கொதிநீர். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்ஜினில் அது எப்போதும் கொதிதான். ஆகவே விசிறி நிற்கவேயில்லை. காரின் டைனமோ சின்னது, கிழடு. விசிறிக்குக் கொடுத்தால் பற்றறிக்கு இல்லை. இரண்டாம் நாளே ஹோர்ன் பூனை மாதிரிக் கத்தியது.

குமிழைக் கழற்றிக் கீழ்க் குழாயில் வைத்தார். அதில் போவது றேடியேற்றரில் ஆறிய தண்ணீர். அது சூடேறுவதற்குள் மேலே ஆவி பறந்தது. கொக்குவிலில் கார் பொங்கி, ஒரு கல்யாணப் பகுதி பட்டுச்சேலையோடு நடந்து போனது. அந்தப் பெண்பிள்ளையின் தாய் எங்களைத் திட்டிய திட்டு இப்போதும் எனக்குப் பாடம்.

றேடியேற்றரிலேயே ஒரு துளை போடலாமா என்று அண்ணை தட்டிப் பார்த்தார். பழைய பித்தளை, தொட்டால் ஒழுகும். கடைசியில், "மச்சான், நீதான் இனிக் குமிழ். மணந்து பார்த்துப் போடு, மணந்து பார்த்து நிப்பாட்டு" என்று சொல்லிவிட்டார். கையால் போடும் சுவிச்சு.

அதை எங்கே வைப்பது? அதற்கும் சண்டை. இவர் ஸ்டியரிங்குக்குக் கீழே, தன் வலப்பக்கம் வேண்டுமென்றார். ஆட்கள் ஏறினால் முழங்கால் அங்கேதான் முட்டும் என்றார் அண்ணை. நடுவில் வைக்கச் சொன்னார்.

"ஆபத்துக்கு ஆருடைய கையும் எட்டவேணும். வள்ளத்திலை அதுதான் முறை" என்றார் அண்ணை.

"ஆருடைய கையும் எட்டினால் அதுதான் ஆபத்து" என்றார் இவர்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அது பிறகு தெரிந்தது. அன்றைக்கு அண்ணை வென்றார். எஞ்ஜினை நிறுத்திய பிறகும் சூட்டைத் தணிக்கவேண்டுமென்று, காரின் சாவித் திறப்போடு சேர்க்காமல் பற்றறியிலிருந்து நேரே வயர் இழுத்தார்.

சுவிச்சு? அதற்கு மட்டும் பஞ்சமில்லை. கரண்ட் நின்று ஒரு வருடத்துக்கு மேல். வீட்டுச் சுவரெல்லாம் சுவிச்சு வேலையில்லாமல் கிடந்தது. ஹோலில் இருந்தவை பிளாஸ்ரிக், தொட்டதும் உடைந்தன. மாமாவின் காலத்து வட்டச் சுவிச்சு ஒன்று சாமியறையில் இருந்தது. கல்லு மாதிரி. அண்ணை கேட்கத் தயங்கினார். கிறிஸ்தவன், வேதக்காரன், போய்ச் சாமியறைச் சாமானைக் கேட்பதா?

மாமி தானே கழற்றச் சொன்னார். கரண்ட் வந்தால் திருப்பிப் பூட்டித் தரவேண்டும், அது மட்டும்தான் அவர் கேட்டது.

முதல் மாலை

மாமிக்கு அது கார்ச் சுவிச்சாக மாறவேயில்லை. இருபத்தைந்து வருடம் பொழுதுபட விளக்கேற்றும்போது தொட்ட சுவிச்சு. வெள்ளிக்கிழமைகளில் சாமிப் படத்துக்கு மாலை போட்டால், ஒன்றைக் கொண்டுவந்து காரில் அதன் மூக்கிலும் கொழுவுவார். காரின் கண்ணாடியில் என் செபமாலை. கீழே மாமியின் பூமாலை. ஏறுகிற சனம் இரண்டையும் பார்த்துவிட்டு, விபத்து வராதென்று நம்பி ஏறியது.

ஒருமுறை திருவிழா நேரம் தடித்த செவ்வந்தி மாலையைத் தண்ணீர் தெளித்துக் கொழுவிவிட்டார். கார் ஒரு கிடங்கில் விழுந்தெழும்ப, மாலை ஆடி, மூக்கு கீழே விழுந்து விசிறி ஓடத் தொடங்கியது. இவர் கவனிக்கவில்லை. அன்றைக்கும் பற்றறி இறங்கியது. அப்போது பற்றறி என்றால் பொன். அதைச் சார்ஜ் பண்ண ஜெனரேற்றர் உள்ள இடம் தேடி மூன்று நாள் அலைந்தார். வீட்டுக்கு வந்து தாயைப் பார்த்து எரிந்து விழுந்தார். இனி அந்தச் சுவிச்சில் கை வைக்கக்கூடாது என்றார்.

மாமி கை வைக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையையும் விடவில்லை. சின்ன மாலையாகக் கட்டினார். மூக்கை ஆட்டாமல், குழந்தைக்குத் தோடு போடுகிற பதத்தில் மெல்லக் கொழுவுவார். நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

நான் என்ன செய்தேன்

போரால் யாழ்ப்பாணமே வெளியேறிய இடப்பெயர்வுக்கு முந்தின சித்திரை. வெள்ளிக்கிழமை. உச்சி வெயிலில் இவர் ஹயர் முடிந்து வந்தார். கார் பொங்கிக்கொண்டு வந்தது. கொட்டிலில் விட்டுவிட்டு, விசிறியைப் போடச் சொன்னார். பத்து நிமிடத்தில் நிற்பாட்டச் சொன்னார். குளித்தார், சாப்பிட்டார், பாயில் சரிந்தார்.

போட்டது நான். மூக்கைக் கீழே தட்டியது இந்த விரல்தான்.

பிறகு படிக்கட்டில் இருந்து புத்தகத்தை எடுத்தேன். யாரோ ஒரு வாரப் பத்திரிகையின் தொடர்கதையைக் கிழித்துக் கட்டி வைத்திருந்தார்கள். கை மாறி மாறி வந்தது. பின்னேரம் அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவேண்டும். இன்னும் பதினொரு அத்தியாயம் இருந்தது. கடதாசி இல்லாத அந்தக் காலத்தில் வாசிக்க ஒன்று கிடைப்பது எனக்கு விருந்து. கதையில் ஒருத்தி ரயில் நிலையத்தில் யாருக்கோ காத்திருந்தாள். நான் அவளோடு போய்விட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசின் டக்கு டக்கென்று அடித்தது. விசிறிச் சத்தம் அதற்குள் மறைந்தது. பத்து நிமிடம் இரண்டரை மணித்தியாலம் ஆனது.

இடையில் மாமி மாலையோடு கொட்டிலுக்குப் போய் வந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன். அப்போதுகூட ஞாபகம் வரவில்லை. பாவி நான்.

காரில் மாலையைக் கண்டு தாயிடம் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு, இவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"றீற்றா, நீ நிப்பாட்டினனீதானே?"

"ஓம். அப்பவே நிப்பாட்டிப்போட்டன்" என்றேன்.

பொய் சொல்ல வேண்டுமென்று நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு விழுங்க முடியவில்லை. மாமி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு போய் மாலையைக் கழற்றினார்.

பழி ஓரிடம்

பவளத்தை லாண்ட்மாஸ்ரர் என்ற சின்ன உழவு மிசினின் பெட்டியில் மெத்தை போட்டு ஏற்றிக்கொண்டு போனார்கள். உடுவிலிலிருந்து பெரியாஸ்பத்திரி வரை அந்தக் குலுக்கலில். பிள்ளை பிறந்தது. பெண். நல்ல சுகம். ஆனால் பவளத்துக்கு இரத்தம் நிற்கவில்லை. அவளுடைய புருஷனும் என் அண்ணையும் இரத்தம் கொடுத்தார்கள். இரண்டு நாள் உயிர் ஊசலாடியது. கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் அவளைக் காப்பாற்றினார்கள். நேரத்துக்குக் கொண்டு வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிராது என்று யாரோ சொன்னார்களாம். அந்தச் சொல் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு என் கணவர் தாயோடு கதைக்கவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "அவவைச் சாப்பிடச் சொல்லு" என்பார் என்னிடம். மாமி இரண்டடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். நானும் விசரி மாதிரி, "மாமி, உங்களைச் சாப்பிடட்டாம்" என்று சொல்லுவேன்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பொன்குடத்தை உடைத்தது நான், மாமியின் தலையில் விழுந்தது ஓடு. அவர் மாலை கட்டுவதை விட்டார். காரடிக்கே போகமாட்டார். பவளம் வீட்டுக்குப் பேத்தியைப் பார்க்கப் போனாலும் தூக்காமல் இருந்துவிட்டு நடந்து வருவார்.

அண்ணை ஒருநாள் காரைத் திருத்த வந்தபோது, வாடிக் காய்ந்து கிடந்த அந்த மாலையைக் கொட்டிலில் கண்டு கையில் எடுத்தார். நாலு விரல் நீளம் இருக்கும். "உந்த மாலைக்கோ சுவிச்சு மூக்கு விழுந்தது?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அடுப்பில் பால் பொங்குகிறதென்று நான் உள்ளே ஓடினேன். அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை.

தேவாலயத்தில், பாவசங்கீர்த்தனத்தில், சுவாமியாரிடம் சொன்னேன். அருள் நிறைந்த மந்திரம் மூன்று சொல்லச் சொன்னார். பிறகு மாமியிடம் சொல்லச் சொன்னார். மந்திரத்தை முப்பது தரம் சொன்னேன். மற்றதைச் செய்யவில்லை. இரவில் எழும்பி நடப்பேன். முற்றத்தைக் கூட்டியதையே கூட்டுவேன். வீட்டில் இருக்கமுடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. மாமி என்னை ஏசினால் நன்றாக இருக்குமென்று தோன்றும். அவரோ எனக்குத் தலை முழுக நல்லெண்ணெய் எடுத்து வைப்பார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

பிறகு அந்த மாரி. எல்லோரும் ஒரேயடியாகப் புறப்பட்டோமே, அந்த இடப்பெயர்வு. பவளமும் புருஷனும் பிள்ளையோடு சைக்கிளில் முதலே கொடிகாமத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் அடுத்த நாள் பகலில் காரில். பின்னிருக்கை முழுக்க மூட்டை. முன்னால் இவர், நடுவில் நான், மறுபக்கம் மாமி. மடியில் எனக்குப் பானை, சட்டி, அதன் மேல் மாதா சொரூபம், மாமியின் முருகன் படம்.

நாவற்குழிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கார் நடந்தது என்றுதான் சொல்லவேண்டும். முன்னாலும் பின்னாலும் சனம். மழை. ஒரு முழம் போய் நின்றது, அரை முழம் போய் நின்றது. காற்றுப் படாத றேடியேற்றர் பொங்கத் தொடங்கியது. இவர் எஞ்ஜினை நிறுத்திவிட்டு, கானை எடுத்துக்கொண்டு தெருவோர வெள்ளத்தில் தண்ணீர் அள்ள இறங்கிப் போனார்.

விசிறியைப் போடவேண்டும். என் இரண்டு கையும் பானையில்.

"மாமி, உதை ஒருக்காத் தட்டிவிடுங்கோ" என்றேன்.

மாமி கையை நீட்டிவிட்டு நிறுத்தினார். "நான் தொடலாமோ?" என்று கேட்டார்.

தலையாட்டினேன். அவர் மூக்கைக் கீழே தட்டினார். முன்னால் விசிறி உறுமியது. மாமி கையை எடுக்காமல், கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்டைக்கு நான் மாலை கொழுவேக்கை இது கீழைதான் கிடந்தது, பிள்ளை. விசிறியும் ஓடினது. ஏதோ தேவைக்குப் போட்டிருக்கிறியள் எண்டு நான் தொடேல்லை. தொட்டால் அவன் ஏசுவான்."

ஆறு மாதம். ஆறு மாதமாக அவருக்குத் தெரியும்.

"அப்ப ஏன் மாமி சொல்லேல்லை?"

"என்னோடை அவன் கதைக்காவிட்டாலும் நான் தாய். எங்கை போகப்போறன்? உன்னோடை கதைக்காமல் விட்டால் நீ எங்கை போவாய்? குருநகரிலை உனக்கு இப்ப வீடும் இல்லை."

அவ்வளவுதான் சொன்னார். மாதா சொரூபம் நனையாமல் தன் முந்தானையை எடுத்து மூடிவிட்டார்.

இவர் வந்தார். தண்ணீரை ஊற்றினார். நனைந்த உடம்போடு ஏறி இருந்து, விசிறி ஓடுவதைக் கவனித்துச் சுவிச்சைப் பார்த்தார். முகம் இறுகியது.

"ஆர் போட்டது?"

மாமி வாயைத் திறந்தார். இந்த முறையும் அவர்தான் ஏற்றுக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"நான்தான் போடச் சொன்னனான்" என்றேன். "அண்டைக்கும் நான்தான் போட்டது. நிப்பாட்ட மறந்துபோனன். மாமி மாலை கொழுவ முதலே அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. உங்களுக்குப் பொய் சொன்னனான்."

இவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. மயிரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ காரின் டிக்கியில் தட்டி, நகரச் சொல்லிக் கத்தினார்கள். முன்னால் சனம் பத்து முழம் விலகிவிட்டது. இவர் அசையவில்லை. இறங்கிப் போய்விடுவாரோ, என்னை இறங்கச் சொல்வாரோ என்று பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தேன்.

என்னோடு அவர் திரும்பக் கதைக்க இரண்டு கிழமை ஆனது. அது எனக்கு வேண்டியதுதான்.

அந்த நேரத்தில் அவர் என்னைத் தாண்டி, மறுபக்கத்தைப் பார்த்து, குரல் உடைய உடைய, ஆறு மாதத்தில் முதல் தரமாக நேரே சொன்னார்.

"அம்மா, உதை இனி நிப்பாட்டுங்கோ. பற்றறி இறங்கிப்போடும்."

மாமி மூக்கை மேலே தட்டினார்.